வாக்குறுதி கிடைத்ததும் பந்தலைப் பிரித்துவிடாதீர்கள்

சென்ற வாரம் ஏழு பெண்கள் என் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு அருகிலுள்ள மதுக்கடையை அகற்றக் கோரி வெயிலில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள். மூத்தவர் பாலித்தீன் உறையிலிருந்து நான்காய் மடித்த நாளிதழ்த் துண்டை எடுத்து, "வக்கீலம்மா, தேர்தல் அறிக்கையிலேயே எங்க கோரிக்கையப் போட்டுட்டாங்க. இதை வெச்சு கேஸ் போட முடியுமா?" என்று கேட்டார். இந்த ஆண்டில் இதே கேள்வியோடு வந்த நான்காவது குழு இது.

முடியாது. வாக்குறுதியை நிறைவேற்றச் சொல்லித் தேர்தல் அறிக்கையை மட்டும் காட்டி எந்த நீதிமன்றத்திலும் உத்தரவு பெற இயலாது. வழக்குக்கு ஆதாரம் அரசாணை. மேடைப் பேச்சும் அறிக்கையும் அல்ல.

"கட்சி ஏற்றுக்கொண்டது, இனி அது பார்த்துக்கொள்ளும்" என்ற எண்ணம்தான் நல்ல போராட்டங்களைப் பாதியில் முடித்துவிடுகிறது. அறிக்கையை எழுதுவது தலைமை அலுவலகத்துக் குழு. கடை அமைந்துள்ள கட்டடத்தின் வாடகையோ, அதையொட்டிய பாரின் வருமானமோ உள்ளூர்ப் பிரமுகர் ஒருவருக்குப் போய்க்கொண்டிருந்தால், தலைமையின் ஒரு வரி அவரை அசைக்காது. கிளைச் செயலாளர் தம் தெருவில் பதில் சொல்ல வேண்டிய நிலை வரும்போதுதான் கட்சி உண்மையில் மாறத் தொடங்குகிறது. அந்த நிலையை உண்டாக்குவது நீங்கள் கலையாமல் இருப்பது மட்டுமே.

ராஜஸ்தானில் 1990 மே 1 அன்று தொடங்கிய, தொழிலாளர்–விவசாயிகள் அமைப்பான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடனை நினைத்துப் பாருங்கள். அரசுப் பணிகளில் வேலை செய்யாதவர்கள் பெயரிலெல்லாம் கூலி எழுதிய வருகைப் பட்டியல்களை, 1994 முதல் ஊர்மக்கள் முன்னிலையில் உரக்கப் படித்தார்கள். தன் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்டு எழுந்து, "நான் அந்த வேலைக்கே போகவில்லை" என்று ஒருவர் சொல்லும்போது மறுக்க யாரால் முடியும்? 1995 ஏப்ரலில் பாஜக முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத், ஊராட்சிக் கணக்குகளின் நகல் தரப்படும் என்று சட்டமன்றத்திலேயே அறிவித்தார். ஓராண்டு கழிந்தும் ஆணை வரவில்லை. அவர்கள் 1996இல் பியாவரில் 40 நாளும், 1997இல் ஜெய்ப்பூரில் 53 நாளும் தர்ணா இருந்தார்கள். எதிர்க்கட்சியான காங்கிரஸ் அந்தக் கோரிக்கையை ஏற்று 1998இல் ஆட்சிக்கு வந்த பிறகும், மாநிலச் சட்டம் நிறைவேற 2000 ஆயிற்று. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்றுதான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதே சட்டம் ஆறு தேசியக் கட்சிகளுக்கும் பொருந்தும் என்று மத்தியத் தகவல் ஆணையம் 2013இல் ஆணையிட்டபோது, அவை இணங்கவில்லை. வெளியிலிருந்து வரும் அழுத்தம் ஓயும் இடத்தில் கட்சியின் மாற்றமும் நின்றுவிடுகிறது.

ஆகவே, அறிவிப்பு வந்த நாளிலேயே அரசாணை எண்ணைக் கேளுங்கள். சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தை எந்தக் கட்சிக்காரரிடமும் கொடுக்காதீர்கள். கிராமசபையில் தீர்மானம் போட்டு, நகலைக் கையோடு வாங்குங்கள். தயவுசெய்து, மாதக் கூட்டத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அந்த ஏழு பேருடனும் உட்கார்ந்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதினோம்: அகற்றப்படும் கடைகளின் பட்டியல், அதற்கான ஆணையின் எண், பொறுப்பு அலுவலர் பெயர். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டியதும் மூத்தவர் முதலில் கையெழுத்திட்டார். 30 நாள் கழித்து, பதில் வந்தாலும் வராவிட்டாலும், ஏழு பேரும் சேர்ந்தே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.