செடியைக் காட்டாமல் மருந்து கேட்காதீர்கள்

போன வாரம் ஒரு அம்மா தன் மாடித் தோட்டத்து மிளகாய்ச் செடியைப் பையோடு தூக்கிக்கொண்டு வந்தார். நுனி இலையெல்லாம் சுருங்கி, பூ உதிர்ந்து, காய் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. கூடவே ஒரு கட்டைப்பையில் மருந்து பாட்டில்கள். வாட்ஸப் குழுவில் சொன்னது ஒன்று, யூடியூப்பில் பார்த்தது ஒன்று, கடையில் போய் "இலைச் சுருட்டைக்குக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கியது ஒன்று. கடைசி பாட்டிலில் சிவப்பு முக்கோணம் போட்டிருந்தது, அதாவது மிகக் கொடிய விஷம் என்ற அடையாளம். இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் முரணைச் சிலந்தி, அதாவது இலைச் சாற்றை உறிஞ்சும், வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பொடி உயிர் (மைட்). அவர் அடித்த மூன்றில் ஒன்றுகூட அதைக் கொல்லாது.

அந்த அம்மா மீது எனக்குக் கோபமில்லை. பணம் செலவழித்து, வெயிலில் நின்று, தன்னால் முடிந்ததையெல்லாம் செய்திருக்கிறார். செடியைப் பார்க்காமலே மருந்துப் பெயர் சொல்கிறவர்கள் மீதுதான் கோபம். என்னைப் போலப் பயிர் பாதுகாப்பு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள். செடி எங்களிடம் வரும்போது மருந்தெல்லாம் அடித்து முடித்திருப்பார்கள்.

"மிளகாய் இலை சுருண்டால் அது சுருட்டை நோய், அதற்கு ஒரு மருந்து இருக்கிறது." இந்த நம்பிக்கையைத்தான் முதலில் விட வேண்டும். இலை சுருள்வது நோயின் பெயர் அல்ல, ஓர் அறிகுறி. ஒரே மாதிரி தெரியும் சுருட்டைக்குப் பின்னால் முற்றிலும் வேறான மூன்று காரணங்கள் இருக்கலாம். இலை விளிம்பு மேல்நோக்கி மடங்கிப் படகு போலக் குவிந்தால் பெரும்பாலும் இலைப்பேன். வெள்ளைத் தாள் மேல் நுனியைத் தட்டினால் பொடிப்பொடியாக விழுந்து ஓடும். இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, அடிப்பக்கம் பழுப்பேறி, தொட்டால் மொடமொடவென்று இருந்தால் முரணைச் சிலந்தி. அதற்கு எட்டுக் கால், அது பூச்சி இனமே இல்லை. இலை சிறுத்து, நரம்பு தடித்து, செடி வளராமல் குட்டையாகப் புதர் போல நின்றால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். மூன்றும் ஒரே செடியில் சேர்ந்தும் வரும்.

இலைப்பேனுக்கான பூச்சிக்கொல்லியைச் சிலந்தி இருக்கும் செடிக்கு அடித்தால் என்ன ஆகும் தெரியுமா? சிலந்தி சாகாது, அதைத் தின்றுகொண்டிருந்த உயிர்கள் சாகும். பத்து நாளில் சுருட்டை இரண்டு மடங்காகும். உடனே "மருந்து வீரியம் போதவில்லை" என்று முடிவு கட்டி அடுத்த பாட்டிலுக்குப் போவார்கள். வைரஸ் வந்த செடிக்கோ உலகத்தில் எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துவது ஒன்றுதான் வழி. வெண்டையில் வரும் மஞ்சள் நரம்புத் தேமலும் இப்படித்தான். அதற்கு இரும்புச் சத்துக் குறைவு என்று பெயர் வைத்து நுண்ணூட்டம் தெளித்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். அதற்குள் பக்கத்துச் செடிகளுக்கும் பரவிவிடும்.

அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது, மோசமான நுனிகளைக் கிள்ளி எறிந்துவிட்டு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) தெளிப்பது மட்டும்தான். அதையும் மாலையில்தான் அடிக்க வேண்டும். கொளுத்தும் வெயிலிலோ வேப்பெண்ணெய் அடித்த சில நாளுக்குள்ளோ அடித்தால் இலை கருகிவிடும். இந்த நுணுக்கத்தைப் பாட்டிலோ வீடியோவோ உங்கள் செடியைப் பார்த்துச் சொல்லாது.

உள்ளூர் ஆளிடம் கேளுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2016இல் பொள்ளாச்சி பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. ஓலையெல்லாம் கரும்பூசணம் படிந்து கறுத்துப்போனது. பார்த்தவர்கள் பதறி மருந்து அடிக்கக் கிளம்பினார்கள். இங்கே வேலை செய்தவர்கள் சொன்னது நேர் எதிர்: ரசாயனம் அடிக்காதீர்கள், என்கார்சியா என்ற குட்டிக் குளவி அந்த ஈயின் குஞ்சுகளில் முட்டையிட்டு அழிக்கிறது, அதைக் காப்பாற்றுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், கரும்பூசணத்துக்கு மைதாப் பசை தெளியுங்கள். அதற்கு முன்னால் 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெள்ளையடித்தது. மருந்தால் அது அடங்கவில்லை. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2010இல் கொண்டுவந்து விட்ட ஒட்டுண்ணிக் குளவியால்தான் அடங்கியது. உங்கள் ஊரில் இந்தப் பருவத்தில் எது சுற்றுகிறது, அதற்கு எந்த இயற்கை எதிரி வந்துவிட்டது என்பது களத்தில் நடக்கிறவருக்குத்தான் தெரியும். வேறு நாட்டில், வேறு குளிரில் எடுத்த வீடியோவுக்குத் தெரியாது.

மாவுப்பூச்சி என்றதும் இதையும் சொல்ல வேண்டும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பியிருக்கும்போது நடுவே கொஞ்சம் பெரிதாக, வெள்ளை நூல் நூலாக முடி வைத்துக்கொண்டு வேகமாக நகரும் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். "பெரிய மாவுப்பூச்சி" என்று அதைத்தான் முதலில் நசுக்குகிறார்கள். அது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்பதற்கென்றே காசு கொடுத்து வாங்கி விடுகிற உயிர் அது. அதே சமயம், கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் புள்ளி வண்டை நன்மை செய்யும் பொறிவண்டு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். தெரியாவிட்டால் கொல்லாதீர்கள். ஒரு சின்ன பாட்டிலில் பிடித்து எடுத்து வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

"நான் இயற்கை முறைதான் சார், புகையிலையைக் கொதிக்கவைத்து அடிக்கிறேன்" என்கிறவர்களும் வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நிக்கோட்டின் கடுமையான விஷம், சமையலறைப் பாத்திரத்தில் காய்ச்சுவதால் அது சாதுவாகிவிடாது. துணி சோப்புத்தூளும் இலையைக் கருக்கும். இன்னொன்று, ஊர்ப்பக்கம் களைக்கொல்லி அடித்த டேங்கை இரவல் வாங்கி வீட்டுத் தோட்டத்துக்கு அடிக்காதீர்கள். கொஞ்சம் மிச்சம் இருந்தாலே தக்காளியும் வெண்டையும் இலை கோணிப்போகும். அதையும் வைரஸ் என்று சொல்லி எடுத்து வருகிறார்கள்.

சரி, யாரிடம் கேட்பது? உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். மாவட்டத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, கே.வி.கே. என்று கேட்டால் வழி சொல்வார்கள். நாட்டின் முதல் நிலையம் 1974இல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்கியது. கோவைக்காரர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் பாதுகாப்பு மையம் இருக்கிறது. போக முடியாதவர்கள் 1800 180 1551 என்ற கிசான் அழைப்பு மையத்துக்குத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. "பத்துச் செடி வைத்திருப்பவருக்கெல்லாம் சொல்வார்களா" என்று தயங்காதீர்கள், தாராளமாகக் கேளுங்கள். இவர்கள் யாரும் கிடைக்கவில்லை என்றால் பக்கத்தில் மிளகாய் போடும் விவசாயியிடம் காட்டுங்கள். இலையைத் திருப்பிப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வரும்போது வெறுங்கையோடு வந்து "இலை மஞ்சளாகுது" என்று மட்டும் சொன்னால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஒற்றை இலையும் போதாது. நல்ல பாகமும் கெட்ட பாகமும் சேர்ந்திருக்கும் கிளையை வெட்டி, செய்தித்தாளில் சுற்றி, காலையிலேயே கொண்டு வாருங்கள். ஈரமாகப் பாலித்தீன் பையில் கட்டினால் வழியிலேயே அழுகிவிடும், அப்புறம் நோய் எது, அழுகல் எது என்று பிரிக்க முடியாது. செடி வாடுகிறது என்றால் வேரோடு, மண்ணோடு வேண்டும். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது மண்ணிலிருந்து வேரைத் தாக்கும் நூற்புழு, இலைக்கு எதை அடித்தும் பயனில்லை. போட்டோ அனுப்புவதானால் வெளிச்சத்தில் முழுச்செடி ஒன்று, இலையின் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் கட்டாயம் ஒன்று. எப்போது நட்டது, தண்ணீர் எப்படி விடுகிறீர்கள், இதுவரை என்னென்ன அடித்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவோம் என்று பயந்து பாதியைச் சொல்லாமல் விடுகிறார்கள், அந்தப் பாதியில்தான் பதில் இருக்கும்.

சிவப்பு முக்கோணம் போட்ட பாட்டில் வீட்டில் இருந்தால், அதை வீட்டுத் தோட்டத்தில் திறக்கவே திறக்காதீர்கள். ஊரில் வயலுக்கு வாங்கி மீந்த மோனோகுரோட்டபாஸை மாடிக் கத்தரிக்கு அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காய்கறிகளுக்கு அதை அடிக்கக் கூடாது என்று 2005லேயே தடை வந்துவிட்டது. எந்த மருந்தையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வையுங்கள். ஏற்கெனவே அடித்துவிட்டீர்கள் என்றால் லேபிளில் எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். லேபிள் கிழிந்துபோயிருந்தாலோ, அந்தப் பயிரின் பெயரே அதில் இல்லை என்றாலோ, அந்தக் காயையும் கறிவேப்பிலையையும் தயவுசெய்து சமையலுக்கு எடுக்காதீர்கள். பாட்டிலை அப்படியே எங்களிடம் எடுத்து வந்து காட்டுங்கள்.