மானிட்டர் கேபிளுக்குள் ஓடுவது என்ன?

ஐபிஎம் நிறுவனம் 1987இல் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்த விஜிஏ இணைப்பில் மூன்று வரிசையாக 15 பின்கள். படத்தைச் சுமப்பவை அவற்றில் மூன்றுதான்: முதல் பின் சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம். ஒவ்வொன்றிலும் மின்னழுத்தம் 0 முதல் 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும். 0 என்றால் அந்த நிறம் இல்லை; 0.7 என்றால் முழுப் பிரகாசம். வரி எங்கே தொடங்குகிறது என்பதை 13ஆம் பின்னும், படம் எங்கே தொடங்குகிறது என்பதை 14ஆம் பின்னும் சொல்லும்.

பழைய குழாய் மானிட்டருக்கு இது போதும். எல்சிடி திரைக்குத்தான் சுற்றுவழி. கணினிக்குள் எண்ணாக இருக்கும் படம் மின்னழுத்தமாக மாறிக் கேபிளில் வந்து, மானிட்டருக்குள் மறுபடி எண்ணாகிறது. எந்தக் கணத்தில் அளக்க வேண்டும் என்பதை மானிட்டர் ஊகிக்கிறது. கொஞ்சம் பிசகினால் எழுத்துகள் மங்கும். ‘ஆட்டோ’ பொத்தான் இருப்பது அதற்காகத்தான். கருப்பு வால்பேப்பரில் அதை அழுத்திப் பயனில்லை, படத்தின் ஓரம் எங்கே என்று மானிட்டருக்குத் தெரியாது. திரை முழுக்க வெள்ளைப் பின்னணியில் எழுத்துகள் நிறைந்த பக்கத்தைத் திறந்துவைத்து அழுத்துங்கள்.

விஜிஏவில் கோளாறு எங்கே என்பதைப் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். திரை மஞ்சளடித்தால் நீலப் பின் வளைந்திருக்கிறது. ரோஜாவும் ஊதாவும் கலந்தாற்போல் இருந்தால் பச்சை போய்விட்டது. எழுத்துக்கு வலப்பக்கம் நிழல் விழுந்தால், 75 ஓம் மின்மறுப்பு பொருந்தாத மலிவுக் கேபிளில் அலை எதிரொலித்துத் திரும்புகிறது. படம் நன்றாகவே வருகிறது, ஆனால் மானிட்டரின் சரியான ரெசல்யூஷன் பட்டியலிலேயே இல்லை என்றால், 12, 15ஆம் பின்களைப் பாருங்கள். மானிட்டர் தன் விவரத்தைக் கணினிக்குச் சொல்வது அந்த வழியாகத்தான்.

டிஜிட்டல் கேபிளின் குணம் வேறு. 1999இல் வந்த டிவிஐயும், 2002இல் வந்த எச்டிஎம்ஐயும் உள்ளுக்குள் ஒரே முறையில் இயங்குபவை. நிறத்துக்கு ஒரு ஜோடிக் கம்பி, கடிகாரத் துடிப்புக்கு ஒரு ஜோடி. ஜோடியின் இரு கம்பிகளிலும் எதிரெதிர் அழுத்தம் ஓடும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஒரேபோலத் தாக்குவதால், வித்தியாசத்தை மட்டும் அளக்கும்போது அது கழிந்துவிடும். தவிர, போவது 0, 1 என்ற எண்கள் மட்டுமே. ஆகவே டிஜிட்டலில் படம் கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதில்லை. எல்லை தாண்டியதும் மினுக்குப் புள்ளிகள் தோன்றும், பிறகு திரை விட்டுவிட்டு இருளும். விலை உயர்ந்த கேபிள் நிறத்தைக் கூட்டும் என்பது வெறும் விற்பனைப் பேச்சு. எச்டிஎம்ஐயில் கருப்பு சாம்பலாக வெளுத்துத் தெரிந்தால் கேபிளை மாற்ற வேண்டாம். கணினி பிரகாசத்தை 16 முதல் 235 வரையான எண்களில் அனுப்ப, மானிட்டர் 0 முதல் 255 வரை எதிர்பார்க்கிறது. கிராபிக்ஸ் அமைப்பில் ‘ஃபுல்’ என்று மாற்றினால் சரியாகிவிடும்.

அந்த எல்லை எங்கே என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 1920 × 1080 படம் இடைவெளிகளையும் சேர்த்து 2200 × 1125 புள்ளிகள். நொடிக்கு 60 முறை என்றால் 148.5 மெகாஹெர்ட்ஸ். ஒற்றை இணைப்பு டிவிஐயின் உச்சம் 165, எனவே அடங்கிவிடும். 4கே படத்துக்கு 60 ஹெர்ட்ஸில் 594 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். ஒரு நிறத்தின் 8 பிட், கேபிளில் 10 பிட்டாகப் போகிறது, மூன்று நிறங்கள், பெருக்கினால் நொடிக்கு 17.82 கிகாபிட். எச்டிஎம்ஐ 1.4 தாங்குவது 10.2, 2.0 தாங்குவது 18. பழைய லேப்டாப்பில் 4கே திரையை மாட்டினால் 30 ஹெர்ட்ஸில் நின்று மவுஸ் தத்தித் தத்தி நகர்வது இதனால்தான். போர்ட் 2.0 ஆக இருந்தும் திரை இருண்டு இருண்டு வந்தால் சந்தேகம் கேபிள் மேல்; ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ முத்திரை உள்ளதை வாங்குங்கள்.

2006இல் வந்த டிஸ்பிளேபோர்ட் தரவைப் பொட்டலங்களாக நான்கு தடங்களில் அனுப்புகிறது. கடிகாரத்துக்கெனத் தனிக் கம்பி இல்லை. பலர் பணத்தை விடும் இடம் இதன் கன்வெர்ட்டர். ‘++’ குறியுள்ள டிஸ்பிளேபோர்ட், தேவைப்பட்டால் எச்டிஎம்ஐ முறைக்கு மாறிப் பேசும், அதனால் மலிவான கேபிளே போதும். எதிர்த்திசையில், அதாவது எச்டிஎம்ஐ கணினியிலிருந்து டிஸ்பிளேபோர்ட் மானிட்டருக்கு, அதே கேபிள் வேலை செய்யாது. மின்சாரம் எடுத்து இயங்கும் கன்வெர்ட்டர் வேண்டும். டிவிஐயிலிருந்து விஜிஏ எடுப்பதானாலும் முதலில் கணினியின் துளையைப் பாருங்கள். தட்டையான பின்னைச் சுற்றி நான்கு சிறு துளைகள் இருந்தால் அது ‘டிவிஐ-ஐ’ (DVI-I) வகை, விஜிஏ போன்ற அனலாக் மின்னழுத்தமும் உண்டு. இல்லையென்றால் ‘டிவிஐ-டி’ (DVI-D), சாதாரண அடாப்டரால் பயனில்லை.

டிஸ்பிளேபோர்ட்டில் இன்னொரு விசித்திரம் உண்டு. சில மட்டமான கேபிள்களில் 20ஆம் பின்னையும் நேராக இணைத்துவிடுகிறார்கள். அதன் வழியே மானிட்டரின் 3.3 வோல்ட் கணினிக்குள் ஏறும். அணைத்த கணினி மறுபடி கிளம்பத் தகராறு செய்யும். கேபிளைப் பிடுங்கினால் கிளம்புகிறது என்றால் குற்றவாளி அதுதான். பிடுங்கும்போது தலையில் உள்ள பொத்தானை அழுத்தியபடி இழுங்கள், உள்ளே இரண்டு கொக்கிகள் இருக்கின்றன.

டைப்-சி துளை இருப்பதாலேயே படம் வந்துவிடாது. துளைக்கு அருகில் டிஸ்பிளேபோர்ட் குறியோ தண்டர்போல்ட் மின்னல் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். குறி இருந்தும் படம் வரவில்லையென்றால், பெரும்பாலும் மாட்டியிருப்பது மொபைல் சார்ஜர் கேபிள். படத்துக்கு வேண்டிய அதிவேகக் கம்பிகள் அதில் இருப்பதில்லை.