ஆசிரியர் பெயரில் அரசுப் பள்ளிக்கு நன்கொடை: கொடுப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை

ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றில் படித்த நாங்கள், எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் பெயரைப் பொறித்த குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றைப் பள்ளிக்கு வாங்கித்தரத் தலைமையாசிரியர் கையில் ரொக்கமாகப் பணம் கொடுத்தோம். இயந்திரம் வந்தது, இருப்புப் பதிவேட்டில் ஏறவில்லை. தலைமையாசிரியர் மாறுதலில் போன பிறகு, பதிவேட்டில் இல்லாத பொருளைப் பழுதுபார்க்க ஒரு ரூபாயும் ஒதுக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். பெயர்ப்பலகையோடு அது இன்றும் வராந்தாவில் தூசி படிந்து நிற்கிறது.

அரசுப் பள்ளிகளுக்குப் பொதுமக்கள் உதவுவதற்கென்றே 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் தொடங்கப்பட்டது. அதன் இணையதளத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்தலாம். சிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

முதலில், பள்ளி எந்தத் துறையுடையது என்று கேளுங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் உள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், பள்ளிக் கல்வித் துறையின் கீழ் அல்ல, பழங்குடியினர் நலத்துறையின் கீழ் வருபவை. இது தெரியாமல் மனுவோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குப் போனால், ஓர் அலுவலகத்தில் "எங்கள் துறை இல்லை" என்பார்கள், அடுத்ததில் "தலைமையாசிரியர் வழியாக வாருங்கள்" என்பார்கள். ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகலும் தலைமையாசிரியரின் கடிதமும் கையில் இல்லாமல் மலையை விட்டு இறங்காதீர்கள். பொருளாகக் கொடுத்தால், இருப்புப் பதிவேட்டில் அது ஏறிய பக்கத்தை அன்றே பார்த்துவிடுங்கள்.

வருமான வரிச் சலுகையை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறும் இடங்கள் வேறு. 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு, 80ஜி என்று அறியப்படும் நன்கொடைக்கான வரிக் கழிவு கிடையாது. பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. பள்ளியில் எழுதித்தரும் துண்டுச் சீட்டு எதற்கும் உதவாது. 80ஜி பதிவுள்ள அமைப்பு வழங்கும் நன்கொடைச் சான்றிதழ் வேண்டும்.

பணியில் இருக்கும் அரசு ஆசிரியருக்கு விழா எடுத்துத் தங்கச் சங்கிலி போடும் ஆசை வந்தால், தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த பரிசை அனுமதியின்றி வாங்கினால் நடத்தை விதிகளின்படி பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். உங்கள் அன்பு அவருக்குப் 'பதினேழு பி' குறிப்பாணையாக, அதாவது கடும் தண்டனைக்கு வழிவகுக்கும் ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டாக, திரும்பி வரக்கூடும். அந்தப் பணத்தைப் பள்ளிக்கே கொடுங்கள்.

பரிசுக்குப் பதில் விருது வாங்கித்தர நினைத்தாலும் கவனம் வேண்டும். தேசிய நல்லாசிரியர் விருதுக்கு (50,000 ரூபாயும் வெள்ளிப் பதக்கமும்) பழைய மாணவர்கள் விண்ணப்பிக்க முடியாது; ஆசிரியர் தாமே இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். முறையான பணியில் பத்தாண்டுகள் முடித்திருக்க வேண்டும். ஒப்பந்த ஆசிரியர்களுக்கும் டியூஷன் எடுப்பவர்களுக்கும் இடமில்லை. ஓய்வு பெற்றவர் என்றால், விருதுக்குரிய ஆண்டில் ஏப்ரல் 30 வரையாவது பணியில் இருந்திருக்க வேண்டும். ஓராண்டு தள்ளிப்போட்டால் வாய்ப்பு போயே போய்விட்டது.

எங்கள் ஆசிரியை, "என்னைப் பற்றி நானே எழுதுவதா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். புகைப்படங்களையும் பழைய ஆணைகளையும் நாங்களே தேடித் தொகுத்து, அருகில் உட்கார்ந்துதான் அவரை எழுத வைத்தோம். மலையில் இணைப்பு அறுந்து அறுந்து வருவதால், கடைசி நாள் வரை காத்திராமல் சேலத்துக்கு இறங்கி வந்து பதிவேற்றிவிடுங்கள்.