2 ஜிபியில் ஓடியது, 16 ஜிபியில் ஏன் நின்றது?

ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மைக்ரோகண்ட்ரோலர் பலகை ஒன்று, ஒரு வெப்பநிலை சென்சார், 2 ஜிபி மெமரி கார்டு. நான் செய்த பதிவுக் கருவி அவ்வளவுதான். வெகுநாள் ஒழுங்காக ஓடியது. கார்டு பழுதானதும் கையிலிருந்த 16 ஜிபி கார்டைப் போட்டேன். முதல் செக்டரை, அதாவது முதல் 512 பைட்டைப் படித்தது. அதன் கடைசியில் இருக்க வேண்டிய 55, ஏஏ என்ற இரண்டு பைட்டுகளும் சரியாக இருந்தன. அடுத்து, பார்ட்டிஷன் (கோப்புகள் இருக்கும் பகுதி) தொடங்கும் 8192-ஆம் செக்டரைக் கேட்டேன். வந்தது 512 பூஜ்ஜியங்கள்.

கார்டு போலியோ என்று சந்தேகப்பட்டேன். வயர்களைப் பிடுங்கி மறுபடி மாட்டினேன். கடைசியில் பார்த்தால், கோளாறு நான் அனுப்பிய எண்ணில் இருந்தது.

மெமரி கார்டிடம் ‘இந்த இடத்தைப் படி’ என்று சொல்லும் கட்டளையில் முகவரிக்கு 32 பிட் இடம் உண்டு. பழைய கார்டுகளில் அந்த முகவரி பைட் கணக்கு. 32 பிட்டில் பைட் பைட்டாக எண்ணினால் 4 ஜிபியோடு எண்ணிக்கை தீர்ந்துவிடும். அந்த வகைக் கார்டுகளுக்கு விதிமுறை வைத்த எல்லை அதற்கும் கீழே, 2 ஜிபி. 2006-இல் வந்த எஸ்டிஹெச்சி கார்டுகள் (2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரை) கட்டளையைத் தொடவில்லை. எண்ணும் அலகை மட்டும் மாற்றின. அங்கே முகவரி 1 என்றால் அடுத்த பைட் அல்ல, 512 பைட் கொண்ட அடுத்த பிளாக். அதே 32 பிட்டில் இப்போது 2 டிபி வரை எட்டலாம். என்ன அழகான தீர்வு! ஆனால் பழைய நிரலுக்கு இது தெரியாது.

என் நிரல் 8192-ஐ 512-ஆல் பெருக்கி 41,94,304 என்று அனுப்பியது. பழைய கார்டு என்றால் அதுதான் சரியான பைட். புதிய கார்டோ அதை பிளாக் எண்ணாக எடுத்துக்கொண்டு, 2 ஜிபி தாண்டும் இடத்துக்குப் போய் அங்கிருந்த காலி இடத்தைப் படித்துக் கொடுத்தது. முதல் செக்டர் மட்டும் எப்படித் தப்பியது? அதன் எண் 0; பூஜ்ஜியத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தானே. எங்கேயும் பிழைச் செய்தி வராது. அதனால்தான் இது இவ்வளவு நேரத்தை விழுங்குகிறது.

சரி, எந்தக் கணக்கில் பேசுவது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கார்டையே கேட்கலாம். மின்சாரம் கொடுத்ததும் கார்டைத் தேர்ந்தெடுக்கும் சிஎஸ் கம்பியை உயர்நிலையில் வைத்து, குறைந்தது 74 கடிகாரத் துடிப்புகள் அனுப்ப வேண்டும். இந்தத் தொடக்கப் பேச்சு முடியும்வரை வேகம் 400 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகக்கூடாது. பிறகு சிஎம்டி0 என்ற கட்டளையை அனுப்பினால் கார்டு எஸ்பிஐ முறைக்கு (சில கம்பிகளில் பிட் பிட்டாகப் பேசும் முறை) வந்து, ‘ஓய்வு நிலையில் இருக்கிறேன்’ என்று 1 திருப்பும். அடுத்தது சிஎம்டி8. பழைய தலைமுறைக் கார்டுக்கு இது புரியாது; புரியவில்லை என்றே பதில் சொல்லும். புதிய கார்டு நாம் அனுப்பிய எண்ணையே எதிரொலிக்கும். எஸ்பிஐ முறையில், கட்டளையோடு போகும் பிழைகாண் குறியீட்டை கார்டு பொதுவாகக் கண்டுகொள்ளாது, ஆனால் இந்த இரண்டு கட்டளைகளுக்கும் அது சரியாக இருந்தே ஆக வேண்டும்.

அப்புறம் ஏசிஎம்டி41. இதில் ஒரு பிட்டை உயர்த்தி, ‘பெரிய கார்டைக் கையாள எனக்குத் தெரியும்’ என்று நாம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெரிய கார்டு ஓய்வு நிலையை விட்டு எழுந்திருக்கவே செய்யாது. சொன்னாலும் உடனே எழாது. 0 வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்கணும், 1 வினாடி வரை பொறுக்கணும். கடைசியாக சிஎம்டி58. அதன் பதிலில் 30-ஆம் பிட் 1 என்றால் பிளாக் கணக்கு, 0 என்றால் பைட் கணக்கு. என் நிரலில் தொடக்கப் பகுதி புதியது, படிக்கும் பகுதி பழையது. இந்த ஒரு பிட்டைப் படித்துவிட்டு எங்கேயும் பயன்படுத்தாமல் விட்டிருந்தேன்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. கார்டு 3.3 வோல்ட் சாதனம். ஊனோவின் கால்கள் 5 வோல்ட் தருபவை. இடையே 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாகக் குறைக்கும் லெவல் ஷிஃப்டர் வேண்டும். எழுதும்போது கார்டு 100 மில்லிஆம்பியரோ அதற்கு மேலோ இழுக்கலாம், ஊனோவின் 3.3 வோல்ட் முனைக்கு 50 மில்லிஆம்பியர்தான் கணக்கு. படிக்க வருகிறது, எழுதத்தான் வரவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

கோப்பு அமைப்பு, அதாவது கார்டில் கோப்புகளை அடுக்கும் முறை, தனிக் கதை. 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் இருக்கும். ஆர்டுயினோவோடு வரும் எஸ்டி லைப்ரரிக்கு (ஆயத்த நிரல் தொகுப்பு) ஃபேட்16, ஃபேட்32 என்ற அமைப்புகள் மட்டுமே தெரியும். பலர் 64 ஜிபி கார்டை ‘ஒத்துவராது’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கார்டு ஒத்துவரும்; அதன்மேல் இருக்கும் எக்ஸ்ஃபேட்தான் சிக்கல். ஃபேட்32-ஆக மாற்றி ஃபார்மட் செய்தால் பெரும்பாலும் ஓடும். எக்ஸ்ஃபேட்டே வேண்டுமென்றால் எஸ்டிஃபேட் லைப்ரரி இருக்கிறது. ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது என்பதால், நீண்ட ஒலிப்பதிவுக்கு எக்ஸ்ஃபேட்டே மேல். வெப்பநிலை பதிய ஃபேட்32 தாராளம்.

இத்தனையும் சரியாக அமைந்த பிறகும் கவனிக்க வேண்டியது கார்டின் தாமதம். கார்டு வழக்கமாகச் சில மில்லிவினாடிகளில் ஒரு பிளாக்கை எழுதிவிடும். ஆனால் உள்ளே பழைய பிளாக்குகளை அழித்து ஒழுங்குபடுத்தும் வேலை வந்தால், எஸ்டிஹெச்சி கார்டு 250 மில்லிவினாடி வரையும், எஸ்டிஎக்ஸ்சி கார்டு 500 மில்லிவினாடி வரையும் ‘வேலையாக இருக்கிறேன்’ என்று நிற்க விதிமுறையே இடம் தருகிறது. வினாடிக்கு 1000 அளவீடுகள், ஒவ்வொன்றும் 2 பைட் என்று வையுங்கள். அந்த அரை வினாடியில் 1000 பைட் சேர்ந்துவிடும். என் ஊனோவின் மொத்த ராம் 2048 பைட். அதில் 512-ஐ லைப்ரரியின் செக்டர் பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் இந்த 1000-மும் உங்கள் மற்ற மாறிகளும் நெருக்கியடித்து உட்கார வேண்டும்.

ஆகவே வேகமாகப் பதிவது என்றால், ராம் அதிகமுள்ள மைக்ரோகண்ட்ரோலரை எடுங்கள். அளவீட்டை இன்டரப்டில் (நடக்கும் வேலையை இடைநிறுத்தி ஓடும் நிரல்) வாங்கி பஃபரில் போட்டு, எழுதும் வேலையை முதன்மைச் சுழலில் வையுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை பதிவதற்கு ஊனோவே போதும். என் கருவியில் இப்போது அந்த 16 ஜிபி கார்டுதான் இருக்கிறது. மாற்றியது ஒரே வரி, அந்த 30-ஆம் பிட் 1 என்றால் 512-ஆல் பெருக்காதே என்று.