கொலாபரேஷன்: ஒத்துழைப்பா, கூட்டாய்வா?

லத்தீனில் ‘கொம்’ என்றால் சேர்ந்து. ‘லபொராரே’ என்றால் உழைத்தல். இரண்டும் ஒட்டிப் பிறந்ததுதான் கொலாபரேஷன் என்ற ஆங்கிலச் சொல். தமிழில் ஒத்துழைப்பு என்ற சொல்லின் அமைப்பும் ஏறக்குறைய அதேதான். ஆனால் கோ-ஆபரேஷனுக்கும் இதையே சொல்கிறோம். 1920இல் தொடங்கிய இயக்கம் ஒத்துழையாமை இயக்கம்தானே. சாலைப் பணி நடக்கும் இடத்தில் ‘உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி’ என்று எழுதினால், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். ஒரே கேள்விக்குப் பல நாட்டுக் குழுக்கள் சேர்ந்து விடை தேடுவதற்கு அது போதாது. அதற்குக் கூட்டாய்வு என்பதே சரி. அதைச் செய்பவர் கூட்டாய்வாளர். கூட்டுறவு வேண்டாம், சிங்கப்பூரில் அதைக் கேட்டால் ஃபேர்பிரைஸ் என்ற கூட்டுறவுக் கடைதான் நினைவுக்கு வரும்.

மொழிபெயர்ப்பாளருக்கு ஓர் எச்சரிக்கை. 1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்த பிறகு, கொலாபரேட்டர் என்ற சொல்லுக்கு எதிரிக்கு உடந்தையானவர் என்ற பொருளும் ஏறிவிட்டது. சிங்கப்பூரில் 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சி பற்றிய எழுத்துகளில் பெரும்பாலும் அந்தப் பொருள்தான். அங்கே ‘கூட்டாய்வாளர்’ என்று போட்டால் விபரீதம்.

கூட்டாய்வு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு சார்ஸ் என்ற சுவாச நோய் பரவிய காலத்தையே பார்க்கலாம். 2003 மார்ச் 17 அன்று உலகச் சுகாதார நிறுவனம் 9 நாடுகளின் 11 ஆய்வகங்களை இணைத்தது. சிங்கப்பூரும் அதில் உண்டு. தினமும் தொலைபேசியில் கூடினார்கள், முடிவுகளைப் பூட்டிவைக்காமல் பாதுகாப்பான இணையதளத்தில் பகிர்ந்தார்கள். ஏப்ரல் 16 அன்று, காரணம் புதிய கொரோனா கிருமி என்று அறிவித்தாயிற்று.

எல்லாக் குழுவுக்கும் இது வாய்ப்பதில்லை. உழைப்பு தாராளமாக இருக்கும், ‘ஒத்து’தான் இருக்காது. ரத்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் நீரிழிவுக்கான வரம்பு சிங்கப்பூர் அறிக்கையில் லிட்டருக்கு 7.0 மில்லிமோல், சென்னை அறிக்கையில் அதுவே டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம். பெருக்க வேண்டிய எண் 18. அலகு குறிக்காமல் இரண்டையும் அட்டவணையின் ஒரே பத்தியில் கொட்டினால் சராசரிக்கு அர்த்தமே இல்லை. தேதியும் அப்படித்தான்: 04/03/2025 நமக்கு மார்ச் 4, அமெரிக்கருக்கு ஏப்ரல் 3. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-03-04 என எழுதினால் சண்டையில்லை.

ஆகவே முதல் பங்கேற்பாளரைச் சேர்க்குமுன் தரவு அகராதி ஒன்று தயாராக வேண்டும். ஒவ்வொரு தகவலுக்கும் பெயர், கேள்வியின் சரியான வாசகம், அலகு, ஏற்கத்தக்க குறைந்த, கூடிய எண்கள், விடை இல்லாவிட்டால் இடவேண்டிய குறி. ‘தெரியாது’, ‘சொல்ல மறுத்தார்’, ‘கேட்கவே இல்லை’ மூன்றுக்கும் மூன்று குறிகள். வயதுக்கு 99 என்று குறி வைப்பது வம்பு. 99 வயதுத் தாத்தா வந்தால் காணாமல் போவார். பிறகு ஒரே 10 கற்பனைப் படிவங்களை எல்லா நாட்டுக் குழுக்களும் தனித்தனியே பதிவு செய்து ஒப்பிட வேண்டும். எங்கே வேறுபடுகிறதோ, அகராதியில் அங்கேதான் ஓட்டை.

கேள்வித்தாளின் தமிழுக்கும் இதே கவனம் தேவை. சிங்கப்பூரில் உள்ள முதியவருக்கு இனிப்புநீர் என்றால் சட்டென்று விளங்கும். தமிழ்நாட்டில் சர்க்கரை வியாதி. ஒரே வாசகத்தை இரு இடத்துக்கும் அனுப்பாமல், இடத்துக்கேற்ற தமிழில் எழுதி, ஆங்கில மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கிச் சரிபார்ப்பதே வழக்கம்.

கூட்ட நேரம் சின்ன விஷயம்போல் தெரியும், ஆளைக் களைக்க வைப்பதும் அதுதான். குளிர்காலத்தில் சிங்கப்பூர் இரவு 9 மணி சென்னையில் மாலை 6.30, லண்டனில் பகல் 1, நியூயார்க்கில் காலை 8. எப்போதும் நாமே இரவில் விழித்திருக்கக் கூடாது, நேரத்தைச் சுழற்சியில் வைக்க வேண்டும். மார்ச்சில் அமெரிக்கா முதலில், பிரிட்டன் பிறகு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும். இடைப்பட்ட வாரங்களில்தான் பலர் கூட்டத்தைத் தவறவிடுகிறார்கள்.

கட்டுரையில் யார் பெயர் வரும் என்பதையும் தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வைத்திருக்கும் நான்கு நிபந்தனைகளும் சேர்ந்தே பொருந்த வேண்டும்: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதியது அல்லது ஆழமாகத் திருத்தியது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பணிக்கும் பொறுப்பு. தரவு சேகரித்த குழுவுக்கு வரைவையே காட்டாமல் விட்டுவிட்டு, இரண்டாவது நிபந்தனை நிறைவேறவில்லை என்று பெயரை நீக்குவது அநியாயம்; திருத்தும் வாய்ப்பைக் கொடுக்கும்படி அதே விதி சொல்கிறது.