அக்கல்ட் மெட்டாஸ்டாசிஸ்: மறைபரவல்

புதுச்சேரி, கடலூர் பக்கம் மார்பில் கட்டி என்றாலே 'ஜிப்மர்ல காட்டு' என்பார்கள். அறுவைக்குப் பிறகு சிலரது ரிப்போர்ட்டில் 'அக்கல்ட் மெட்டாஸ்டாசிஸ்' என்று இருக்கும். அகராதியைப் புரட்டினால் 'அக்கல்ட்' என்பதற்கு மாந்திரீகம் என்று போட்டிருப்பான். அதை விடுங்கள். லத்தீன் வேருக்கு 'மறைந்தது' என்றுதான் பொருள்.

மெட்டாஸ்டாசிஸ் கிரேக்கச் சொல், இடம் மாறுதல். புற்றுநோய்ப் பரவலுக்கு அதை 1829இல் கையாண்டவர் ரெக்காமியே என்ற பிரெஞ்சு மருத்துவர். ஜிப்மர் தன் வேராகச் சொல்லும் பிரெஞ்சு மருத்துவப் பள்ளி 1823இலேயே நம் ஊரில் தொடங்கிவிட்டது!

சரி, எங்கே மறைந்தது? அக்குளில் 'நெறி கட்டியிருக்கு' என்கிறோமே, அந்த நிணநீர்க்கணுக்களில். மார்பிலிருந்து நிணநீர் முதலில் வந்து சேரும் கணு காவற்கணு. நீலச்சாயம் செலுத்தி அதை அடையாளம் கண்டு எடுப்பார்கள். மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஒன்றும் இல்லையென்றால் 'நெகட்டிவ்'. அதே மெழுகுக் கட்டியை இன்னும் ஆழமாகச் சீவி, கெரட்டின் புரதத்தைக் காட்டும் சிறப்புச் சாயம் ஏற்றினால், சில நேரம் நாலைந்து புற்றுச்செல்கள் பழுப்பாகத் தெரியும். முதல் பார்வையில் சிக்காமல் பிறகு சிக்கிய இதுதான் அக்கல்ட்.

இதையும் 'மைக்ரோமெட்டாஸ்டாசிஸ்' என்பதையும் ஒன்றாகக் குழப்புவார்கள். அது அளவைச் சொல்வது: 0.2 மி.மீ.க்கு மேல், 2 மி.மீ. வரை. அதற்கு 'நுண்பரவல்' பொருந்தும். அதைவிடச் சிறியவை தனித்த புற்றுச்செல்கள்.

ஆயுளைப் பாதிக்குமா? அமெரிக்காவின் 'பி-32' என்ற மார்பகப் புற்றுநோய் ஆய்வு 2011இல் பதில் சொன்னது. நெகட்டிவ் என்று வந்த 3,887 பேரின் கணுக்களை மறுபடி சீவிப் பார்த்ததில் 15.9 சதவீதம் பேருக்கு மறைந்த செல்கள் இருந்தன. ஐந்தாண்டு கழித்து உயிருடன் இருந்தவர்கள், இருந்த பிரிவில் 94.6 சதவீதம், இல்லாத பிரிவில் 95.8. வித்தியாசம் உண்டு, ஆனால் 1.2 புள்ளிதான். எல்லாக் கணுவையும் இப்படித் துருவிப் பார்க்கத் தேவையில்லை என்பதே ஆய்வாளர்கள் முடிவு.

தமிழில் 'ரகசியப் பரவல்' என்றால் யாரோ மறைத்ததுபோல இருக்கிறது. 'இடம்பெயர்வு' அகதிகளுக்கான சொல்லாகிவிட்டது. என் தேர்வு 'மறைபரவல்'. வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்ல அதுவும் வேண்டாம்: 'நெறியில ரொம்பச் சின்னதா இருந்துச்சாம், முதல்ல பார்த்தப்ப தெரியலையாம்.'