தண்ணிக் கூலரா ஏர் கூலரா? ரெண்டுக்குள்ளயும் தண்ணிதான் தம்பி

போன சனிக்கிழமை என்ர சிநேகிதன்ட மகன் வாட்ஸ்அப்பில கேம் விளையாட ஒரு பிசி கட்டுறதுக்கு லிஸ்ட் அனுப்பினவன். கனடா மாமா பாதிக் காசு போடுறாராம், அதால லிஸ்ட் கொஞ்சம் பெரிசுதான். ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசசர், ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்ட், ரேம், எஸ்எஸ்டி, 1000 வாட் பவர் சப்ளை எண்டு எல்லாம் வடிவா எழுதிப்போட்டு கடைசியில ஒரு கேள்வி: "அங்கிள், பிராசசரக் குளிராக்குற கூலர் மட்டும் முடிவெடுக்க ஏலாம இருக்கு. கடையில ஒரு அண்ணா சொன்னவர் கொழும்பு வெக்கைக்குத் தண்ணிக் கூலர் இல்லாட்டிச் சரிவராதாம், ஏர் கூலர் எண்டா வெறும் செம்புக் கம்பியும் ஃபேனும்தானாம். உண்மையோ?"

வொய்ஸ் மெசேஜில பதில் சொல்லுவம் எண்டுதான் தொடங்கினனான், ஏழு நிமிசம் தாண்டிட்டுது, அப்பதான் யோசிச்சன் இத எழுதியே போடலாம் எண்டு.

லிஸ்டில மற்ற சாமான்களப் பற்றிச் சொல்ல பெரிசா ஒண்டும் இல்ல. 9800எக்ஸ்3டி நல்ல தெரிவு, அதில 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளயே இருக்கிற வேகமான மெமரி) இருக்கு, முந்தின 7800எக்ஸ்3டியில அந்த மேலதிகக் கேஷ் துண்ட கணக்குப் போடுற கோர்களுக்கு மேல போர்வை மாதிரிப் போட்டிருந்தவங்கள், இதில அத கோர்களுக்குக் கீழ கொண்டுபோயிட்டாங்கள், அதால சூடு மேல நேரா வெளிய வரும். கார்டுக்கு 575 வாட். பிராசசருக்கு 120 வாட் எண்டு பெட்டியில போட்டிருக்கும். மதர்போர்ட், ஃபேன், மொனிட்டர் எல்லாம் சேத்தா ஒரு 800 வாட் எண்டு வைப்பம்.

இந்த 800 வாட்டும் எங்க போகுது? கேம் விளையாடுறதுக்குச் செலவாகிப் போச்சு எண்டு கன பேர் நினைக்கிறது. இல்ல, கிட்டத்தட்ட முழுக்க சூடா மாறி உங்கட அறைக்குள்ளதான் வந்து நிக்குது, அதாவது நீங்கள் வாங்குறது கேம் விளையாடத் தெரிஞ்ச ஒரு ஹீட்டர். ஒரு நாளைக்கு 4 மணித்தியாலம் எண்டா மாசம் 96 யூனிட், பில் வந்த உடன அப்பா வந்து கதைப்பார். ஏசி போட்டா எண்டு கேப்பீங்கள், சின்ன அறைக்குப் போடுற 9000 பிடியூ ஏசி வெளிய தள்ளுறது 2600 வாட் சொச்சம், அதில மூண்டில ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைய உங்கட பிசி மட்டும் திண்டிடும்.

இன்னொரு விசயம். யூடியூப்பில கூலர் ரிவியூ செய்யுற ஆக்களின்ர அறை அனேகமா 20, 22 டிகிரி. வெள்ளவத்தையில ஏப்ரல் மாசம் மத்தியானம் 31, 32. எந்தக் கூலரும், ஏரோ தண்ணியோ, அறைக் காத்த விடக் கீழ பிராசசர இறக்க ஏலாது, அறையில இருந்து இத்தனை டிகிரி மேல எண்டுதான் கணக்கு. அவங்களுக்கு 70 காட்டினா உங்களுக்கு 80. பயப்பிட வேண்டாம், அந்த பிராசசருக்கு எல்லை 95.

சரி, இப்ப அந்த "வெறும் செம்புக் கம்பி" கதைக்கு வாறன், எனக்குக் கோவம் வந்த இடம் அதுதான்.

கூலரில கீழ ஒரு செம்புத் தட்டு, அதில இருந்து 6 மில்லிமீட்டர் தடிப்பில நாலோ ஆறோ குழாய் வளைஞ்சு மேல போகுது, மேல அலுமினியத் தகடு அடுக்கடுக்கா. அந்தக் குழாய் உண்மையாவே திண்மமான செம்புக் கம்பியா இருந்தா என்ன நடக்கும் எண்டு ஓ.எல் கணக்கு மாதிரிப் போட்டுப் பாப்பம். செம்பின்ர வெப்பக் கடத்தாறு 400 அளவு, நீளம் 15 சென்ரிமீட்டர், ஒரு கம்பிக்குள்ளால 30 வாட் போகோணும். விடை என்ன தெரியுமோ? ரெண்டு முனைக்கும் இடையில 400 டிகிரி வித்தியாசம் வேணும். மேல் முனை 40 எண்டா கீழ் முனை 440, பிராசசர் அதுக்கு எவ்வளவோ முன்னமே செத்துப்போம். ஆனா உண்மையான குழாய் அதே 30 வாட்ட ரெண்டு மூண்டு டிகிரி வித்தியாசத்தில தூக்கிக்கொண்டு போகுது. சும்மா இல்ல, நூறு மடங்குக்கு மேல.

ஏனெண்டா அது கம்பி இல்ல. உள்ள வெறுமை, உள்ளுக்குக் கொஞ்சூண்டு தண்ணி, தேக்கரண்டியும் நிறையாது, காத்து முழுக்க உறிஞ்சி எடுத்துப்போட்டு ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கு. இதுக்குப் பேர்தான் ஹீட் பைப்.

புட்டு அவிக்கேக்க மூடியத் திறந்து கையச் சுட்டிருக்கிறீங்களோ? கொதி தண்ணி பட்டத விட நீராவி பட்டாத்தான் மோசமாச் சுடும், ஏனெண்டா நீராவி தோலில பட்டுத் தண்ணியா மாறேக்க தான் ஆவியாகிறதுக்கு வாங்கின சூடு முழுக்க அங்கயே இறக்கிப்போட்டுப் போகுது. மறைவெப்பம். ஒரு கிராம் தண்ணிய 10 டிகிரி சூடாக்க 42 யூல் போதும், அதே ஒரு கிராம ஆவியாக்க 2400 யூல் வேணும். அம்மாவின்ர கையச் சுட்ட அதே சங்கதிதான் உங்கட பிராசசரக் குளிராக்குது.

அப்ப தண்ணி கொதிக்க 100 டிகிரி வேணுமே, பிராசசர் 100க்குப் போகவா எண்டு கேப்பீங்கள். நுவரெலியாவில தேத்தண்ணி போட்ட ஆக்களுக்குத் தெரியும், அங்க தண்ணி 94 டிகிரியிலேயே கொதிக்கும், உயரத்தில காத்தமுக்கம் குறைவு. ஹீட் பைப்புக்குள்ள அது இன்னும் எவ்வளவோ குறைவு. 45 டிகிரியில தண்ணி கொதிக்கோணும் எண்டா அமுக்கம் வெளிக்காத்தின்ர பத்தில ஒரு பங்குக்கு வரோணும், உள்ள காத்தே இல்லாதபடியா அது தானா வருது.

இதில எனக்கு மிச்சம் பிடிச்ச இடம் ஒண்டு இருக்கு, கன பேர் இத பிழையா விளங்கிக்கொள்ளுறவை. பக்டரியில 45 டிகிரிக்கு எண்டு யாரும் செட் பண்ணி வைக்கிறதில்ல. உள்ள தண்ணியும் அதின்ர ஆவியும் மட்டும்தான், மூண்டாவது ஆள் இல்ல, அதால எந்தச் சூட்டிலயும் ரெண்டும் சமநிலையிலதான் இருக்கும், குழாய் 30 டிகிரியில இருந்தா 30க்கு உரிய அமுக்கம், 60க்குப் போனா 60க்கு உரிய அமுக்கம். எப்பவும் கொதிக்கிற விளிம்பில நிக்குது. ஒரு முனை மற்றதிலும் பார்க்க ஒரு சொட்டுச் சூடானாலே அந்தப் பக்கம் ஆவி கூட, அமுக்கம் கூட, உடன ஆவி மற்றப் பக்கம் ஓடும், அங்க தகட்டில ஃபேன் காத்து படுறதால தண்ணியா மாறும், சூட்ட இறக்கும். மோட்டர் இல்ல, சென்சர் இல்ல, சொப்ட்வெயார் இல்ல. 30 வாட்டுக்கு 80 செக்கனில ஒரு கிராம் தண்ணி மேல போய் வந்தாக் காணும்.

அந்தத் தண்ணி எப்பிடித் திரும்பி வருது? குத்தென நிண்டா ஈர்ப்பு இழுக்கும், ஆனா மதர்போர்ட் கேஸுக்குள்ள, அதாவது பிசிப் பெட்டிக்குள்ள, நட்டுக்குத்தெனத்தானே நிக்குது, கூலர் பக்கவாட்டில படுத்திருக்கும், ஈர்ப்ப நம்பேலாது. 2022இல 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்த நாட்களில மண்ணெண்ணெய் விளக்கு எடுத்து வைச்சிருப்பீங்கள், எண்ணெய் கீழ, நெருப்பு மேல, திரி தானா உறிஞ்சி மேல கொண்டு வருது. அதுதான். மயிர்த்துளை, மேற்பரப்பு இழுவிசை. குழாயின்ர உள்சுவரிலயும் ஒரு திரி இருக்கு.

இத நம்பாம நான் ஒருக்கா பழைய கூலர் ஒண்ட வாளால அறுத்துப் பாத்தனான். தண்ணி ஊத்தும் எண்டு கீழ துணி எல்லாம் விரிச்சு ஆயத்தமா இருந்தா, ஒரு சொட்டும் விழேல்ல, உட்சுவர் மட்டும் லேசா ஈரம். அந்தச் சுவர்ல சிவப்புச் சீனிய அப்பிவிட்ட மாதிரி சொரசொரப்பா செப்புத் தூள், உருகாத அளவுக்குச் சூடாக்கி ஒட்டவைச்சது, அந்தத் தூளுக்கு இடையில இருக்கிற துவாரங்களுக்குள்ளதான் தண்ணி ஒளிச்சிருக்கு. சின்னப் பெடியள் வாசிச்சா ஒண்டு சொல்லிவைக்கிறன், அறுக்காத குழாய காஸ் அடுப்பில வைக்கிற விளையாட்டு வேண்டாம், வெடிக்கும். கொழும்பில கம்ப்யூட்டர்க் கடையள் இருக்கிற யூனிட்டி பிளாசாவில கண்ணாடிக்குள்ள வைச்சிருக்கிற பெரிய கூலர் ஒண்ட மேல இருந்து உத்துப் பாருங்கோ, ஒவ்வொரு குழாயின்ர முனையும் பென்சில் மாதிரிக் கூரா இருக்கும், காத்த உறிஞ்சிப்போட்டு நசுக்கி மூடின இடம் அது. சில கொம்பனி அதுக்கு மேல அழகா தொப்பி போட்டு மறைச்சிடுது, எனக்கெண்டா மறைக்காததுதான் வடிவு.

இத ஆர் கண்டுபிடிச்சது எண்டு பாத்தா அது இன்னொரு கூத்து. ஜெனரல் மோட்டர்ஸில ரிச்சர்ட் கோக்லர் எண்டவர் குளிர்சாதனப் பெட்டிக்கெண்டு யோசிச்சு 1944இல பேட்டண்ட் எடுத்தார், ஆரும் திரும்பிப் பாக்கேல்ல. 1963இல அமெரிக்காவின்ர லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில ஜோர்ஜ் குரோவர் இதே விசயத்துக்குத் தானா வந்து சேர்ந்தார், அவருக்கு விண்வெளியில போற அணு உலையில இருந்து சூட்டக் கடத்தோணும், ஹீட் பைப் எண்ட பேரும் அவர் வைச்சதுதான். 1967இல ஒண்ட விண்ணுக்கே அனுப்பிப் பாத்தாச்சு. அலாஸ்காவில எண்ணெய்க் குழாய் போடேக்க அதின்ர கால்கள் நிக்கிற உறைஞ்ச நிலம் உருகிப் புதையாம இருக்க அமோனியா நிரப்பின இதே மாதிரிக் குழாய் ஒரு லட்சத்துக்கு மேல நட்டிருக்கிறாங்கள், குளிர் காலத்தில அது நிலத்துச் சூட்ட உறிஞ்சி வெளிய விடும், கோடையில மேல சூடு கூட எண்டா தானா நிண்டுபோம். அணு உலைக்குக் காசு குடுத்த ஆக்களிட்ட கேம் விளையாட உதவும் எண்டு ஆராவது சொல்லியிருப்பினமோ? எங்கட நாட்டில ஆராய்ச்சிக்குப் போறது மொத்த உள்நாட்டு உற்பத்தியில 0.1 வீதத்தச் சுத்தித்தான், அதையும் "இதால நாட்டுக்கு உடன என்ன லாபம்" எண்டு கேட்டுத்தான் குடுக்கிறது. கொரோனா நேரம் கேகாலையில ஒருத்தர் கொரோனாவுக்கு மருந்து எண்டு குடுத்த பாணிய வாங்க சனம் வரிசையில நிண்டது, எம்பிமாரும் அதைக் குடிச்சுக் காட்டினவை, அதுக்கு ஒருத்தரும் லாபக் கணக்குக் கேக்கேல்ல. சரி விடுவம், பிரஷர் ஏறுது.

இந்தக் குழாய்க்கும் எல்லை இருக்கு. திரி தண்ணிய இழுத்துக் குடுக்கிற வேகத்த விட ஆவியாகிற வேகம் கூடினா சூடான முனை காஞ்சு போம், காஞ்சா அது வெறும் செப்புக் குழாய், மேல போட்ட கணக்குத்தான். 6 மில்லிமீட்டர்க் குழாய் ஒண்டுக்கு 30, 40 வாட், அதாலதான் பெரிய கூலர்ல ஆறு போடுறாங்கள். கிராபிக்ஸ் கார்ட்ல குழாயத் தட்டையாக்கி அகலமான பெட்டி மாதிரி வேப்பர் சேம்பர் வைப்பாங்கள், கதை ஒண்டுதான். 2022 டிசம்பர்ல வந்த ரேடியன் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகளில சிலது 110 டிகிரிக்குப் போய் வேகத்தக் குறைச்சுக்கொண்டு நிண்டுது. கொஞ்ச நாளால அந்தக் கார்டச் செய்த ஏஎம்டியே ஒத்துக்கொண்டவங்கள், ஒரு தொகுதி வேப்பர் சேம்பர்ல போட்ட தண்ணி போதாதாம். அவ்வளவு விலைக் கார்ட், அதுக்குள்ள குறைஞ்சது என்ன எண்டு பாத்தா கொஞ்சத் தண்ணி!

அப்ப தம்பிட கேள்விக்கு வருவம். தண்ணிக் கூலர்ல தண்ணி ஆவியாகிறதில்ல, சூடாகி, பம்ப் தள்ளி, ரேடியேட்டர்ல ஆறித் திரும்பி வருது. ரேடியேட்டர் பெரிசு, அதால 250 வாட் இழுக்கிற பிராசசர் எண்டா அது வெல்லும், நான் மறுக்கேல்ல. ஆனா 120 வாட் பிராசசருக்கு ஆறு குழாய்க் கூலர் தாராளம். பம்ப் எண்டாவது ஒருநாள் தேயும், ரப்பர்க் குழாய்க்குள்ளால தண்ணி வருசக்கணக்கில மெல்ல மெல்லக் கசிஞ்சு குறையும், செப்புக் குழாய்க்கு அந்த ரெண்டு வில்லங்கமும் இல்ல. மிச்சக் காசில முன்பக்கம் வலை போட்ட நல்ல காத்தோட்டமான கேஸ் வாங்கு, 575 வாட் கார்டின்ர சூடு முழுக்க அந்தக் கேஸுக்குள்ளால தான் வெளிய போகோணும், அதுக்கு முன்னால பிராசசர்ட 120 ஒரு பொருட்டே இல்ல. கடற்கரையோரம் மரைன் டிரைவ் பக்கம் இருக்கிற ஆக்கள் யன்னலத் திறந்துவைச்சு ஓடாதீங்கோ, ஏசியின்ர வெளிப்பெட்டி ரெண்டு மூண்டு வருசத்தில என்ன கதிக்கு வருது எண்டு பாத்திருப்பீங்கள்தானே, அதே உப்புக்காத்து அலுமினியத் தகட்டையும் விடாது. அம்மா முதல் நாள் கேஸுக்குத் திருநீறு பூசோணும் எண்டா பூசட்டும், பக்கக் கண்ணாடியில எண்டு சொல்லு, ஃபேன் பக்கம் வேண்டாம்.

வாங்க முதல் கூலரின்ர உயரத்த அள. ரெட்டைக் கோபுரக் கூலர் 165 மில்லிமீட்டர் வரும், கேஸ் அந்தளவு விடுமோ எண்டு பெட்டியில போட்டிருக்கும். நான் அளக்காம வாங்கி பக்கக் கதவு மூடேலாம மூண்டு மாசம் திறந்தபடி ஓட்டினனான், ஒரு பல்லி வந்து குடியேறிட்டுது. ஃபேனுக்குப் பக்கத்தில போகாது, கீழ தட்டுப் பக்கமும் போகாது, ராவில பிசிய நிப்பாட்டின உடன வந்து சரியா அந்த மேல் தகட்டில குழாய் முனைக்குப் பக்கத்தில படுத்துக்கொள்ளும். அம்மா அது சொல்லுற திசைக்குப் பலன் பாத்துக்கொண்டிருந்தவ, நான் தகட்டின்ர எந்த இடம் கடைசியா ஆறுது எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.